குதிரைமுள்ளங்கிக்கு அழாத கண்

அன்பு மகள் பொரோக்காவுக்கு,

அம்மா எழுதுகிறேன். அங்கே அயர்லாந்தில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ஈரத்தலையோடு வெளியே ஓடாமல், உடம்பும் மனசும் நல்லபடியாக இருக்கிறாயா? இங்கே நாங்கள் எல்லோரும் சுகம் என்று அடுத்த வரியை எழுதக் கை தானாகப் போனது, நிறுத்திவிட்டேன். நான் சுகம், வெண்டல் பெரியப்பா சுகம், பூனை ரொம்பவே சுகம். அப்பாவைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உடனே பயந்துவிடாதே. அப்பா இதோ முற்றத்தில்தான் இருக்கிறார், மண்வெட்டிக்குப் புதுப்பிடி செருகிக்கொண்டு விசில்கூட அடிக்கிறார். ஆனால் வியாழக்கிழமைக்குள் அவர் ஒரு விஷயத்துக்குச் சரி என்று சொல்லியாக வேண்டும். மாட்டேன் என்கிறார். உன் காதுக்கு இது போகவே கூடாது என்று என்னிடமும் பெரியப்பாவிடமும் சத்தியம் வேறு வாங்கிவைத்திருக்கிறார். அந்தச் சத்தியத்தைத்தான் இப்போது மீறிக்கொண்டிருக்கிறேன். வீடியோ காலில் சொல்ல முடியாது, அவர் முகத்தை என் தோளுக்கு மேல் நீட்டிக்கொண்டே நிற்பார். மெசேஜில் இரண்டு வரி போட்டால் நீ அடுத்த நொடி போன் போட்டுக் கத்துவாய், அதை அவர் எடுப்பார். அதனால் உட்கார்ந்து மெயிலாகத் தட்டுகிறேன், முழுசாகப் படி, படித்து முடிக்கும்வரை போனைத் தொடாதே.

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, குதிரைமுள்ளங்கியிலேயே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது. உன் அம்மாவுக்கு மூக்கைத் துளைக்கிற அந்தக் காரக் கிழங்கு என்றால் எவ்வளவு பைத்தியம் என்று உனக்குத் தெரியும். கிழங்கு விளைகிற ஊரில் வாழ்க்கைப்பட்டு, ஒரு கிழங்கை ஒழுங்காகத் துருவத் தெரியாமல் வந்தவள், வீடியோ பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டவள், இன்றைக்கு நெட்டில் எங்கள் சமையல் குழுவில் ஆறாயிரம் பேர் என்னிடம் சந்தேகம் கேட்கிறார்கள்! போன வருஷம் இலையுதிர்காலத்திலிருந்து உன் அப்பா ஒரே புலம்பல். "என்ன தூந்தே, இந்தத் தடவையும் உன் சரக்கு சப்புனு இருக்கே, இதுக்குப் பதிலா ஆப்பிளைத் துருவி வெச்சிருக்கலாம்"னு தட்டைத் தள்ளுவார். என்னிடம் இப்படிச் சொன்னால் விடுவேனா. கிழங்கு பழசோ என்று பார்த்தேன், இல்லை, நிலவறையில் ஈர மணலில் படுக்கவைத்தது, ஒடித்தால் டப்பென்று ஒடிகிறது. தண்ணீர் சூடாக இருந்ததோ என்று ஐஸ் தண்ணீருக்கு மாறினேன். சூடு பட்டால் காரம் செத்துவிடும் என்று உனக்கே தெரியும். அப்புறம் வினிகர். துருவிய உடனே வினிகர் ஊற்றினால் காரம் அங்கேயே நின்றுவிடும், சாதுவாக இருக்கும். கொஞ்சம் காத்திருந்து ஊற்றினால் அதற்குள் காரம் ஏறி உச்சிக்குப் போய்விடும், வினிகர் அதை அந்த இடத்திலேயே பிடித்து நிறுத்தும். நான் ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று காத்திருக்க ஆரம்பித்தேன். நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு, முதுகுப் பக்கம் ஃபேனை வைத்து, பின்கட்டுச் சமையலறையில் கதவு ஜன்னலெல்லாம் திறந்துபோட்டு நின்றேன், அப்படியும் தொண்டை அடைத்தது. பக்கத்து வீட்டு இபோயா பெரியம்மா ஒரு ஸ்பூன் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "ஏண்டி, எங்களை உசிரோட கொளுத்தறியா, உனக்கு என்ன வேண்டுதல்"னு கேட்டு ஒரு ரொட்டியை முழுசாக விழுங்கினாள். அதே ஜாடியிலிருந்து உன் அப்பா மூன்று ஸ்பூன் அள்ளி இறைச்சி மேல் போட்டுக்கொண்டு, "பரவாயில்லை, கொஞ்சம் தேறியிருக்கு" என்றார். நான் பெருமையோடு குழுவில் எழுதினேன், என் வீட்டுக்காரருக்குப் போதுமான காரம் இந்த உலகத்தில் கிடையாது என்று. எல்லாரும் கைதட்டினார்கள். அவருக்கு வலதுபக்கக் கடைவாய்ப்பல் ஆடுகிறது இல்லையா, எல்லாவற்றையும் இடதுபக்கமே மெல்கிறார். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

ஜனவரியில் பெரியப்பா வீட்டில் பன்றி வெட்டிய நாள் உனக்கு நினைவிருக்கும், நான் வீடியோ அனுப்பினேனே, அண்ணன் தம்பி இருவரும் ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு கிழங்கு துருவும் போட்டி. கன்னத்தில் ஒரு சொட்டு வந்தாலும் தோற்றான், அதுதானே சட்டம். பெரியப்பா பாதிக் கிழங்கிலேயே மூக்கும் கண்ணும் ஒழுக எழுந்து ஓடினார். "போடா டேய் பெர்ட்சி, உனக்குக் கண்ணே கிடையாது, ரெண்டு கோலிக்குண்டு வெச்சுத் தெச்சிருக்காங்க" என்று அவர் பனியில் முகத்தைத் தேய்த்துக்கொண்டே திட்டினது அந்த வீடியோவில் அவ்வளவு நன்றாகப் பதிவாகியிருக்கிறது! உன் அப்பா கிழங்கை முழுசாகத் துருவி முடித்து, காம்பைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டி ஒரு சுற்றுச் சுற்றினார். தொடர்ந்து இரண்டாவது வருஷம் ஜெயித்தார். நான் அதைக் குழுவில் போட்டேன், பொரோக்கா, என் வாழ்நாளில் அவ்வளவு லைக்கும் இதயமும் எனக்கு வந்ததில்லை. விடிய விடிய போன் டிங் டிங் என்றது. யாரோ "இந்த ஆளை எங்கள் ஊருக்குக் கடன் கொடுங்கள்" என்று எழுதினார்கள். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டேன்.

அதில் ஒரே ஒரு பெண், ஹெட்விக் என்று பெயர், எனக்கு யாரென்றே தெரியாது, எழுதியிருந்தாள்: கடைசியில் அவர் திரும்பும்போது பாருங்கள், வலது கன்னம் முழுக்க நனைந்திருக்கிறது, இடது கண் மட்டும் எலும்பு மாதிரி காய்ந்திருக்கிறதே, அது ஏன்? எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. என் வீட்டுக்காரர் ஏமாற்றினார் என்கிறாளா என்று நினைத்து, "பொறாமைக்கு மருந்து இல்லை அம்மா" என்று எழுதிப்போட்டேன். குழுவே அவளைக் கிண்டல் செய்தது. அவள் பதிலுக்குச் சண்டை போடவில்லை. தனியாக ஒரு மெசேஜ் மட்டும் அனுப்பினாள், சண்டைக்கு இல்லை சகோதரி, தயவுசெய்து அந்த இடத்தை மட்டும் நிறுத்திப் பாருங்கள் என்று. நிறுத்திப் பார்த்தேன். வலது கண் சிவந்து, ஊற்றிக்கொண்டிருக்கிறது. இடது கண் ஒரு ஃபோட்டோவில் இருக்கிற கண் மாதிரி அப்படியே இருக்கிறது. போட்டி முழுக்க அவர் இடதுபக்கத்தைத்தான் எங்களுக்குக் காட்டி உட்கார்ந்திருந்தார். அதற்கு முந்தின வருஷத்து வீடியோவை எடுத்துப் பார்த்தேன். அதிலும் இடதுபக்கம்தான்.

அப்பாவிடம் கேட்டேன். சிரித்தார். "கண்டுபிடிச்சுட்டியா, வெண்டல்கிட்ட மட்டும் சொல்லிடாதே" என்றார். அந்தக் கண் ரொம்ப நாளாகவே கிழங்குக்கு அழுவதில்லையாம். வயலில் காற்று எப்போதும் அந்தப் பக்கமாகவே அடிப்பதால் அதற்குப் பழகிவிட்டதாம், தொழில் செய்கிறவனுக்கு வருகிற வரமாம்! அதனால்தான் போட்டியன்று அந்தப் பக்கத்தைக் காட்டி உட்காருகிறாராம். ஒரு குழந்தை திருட்டு மிட்டாயைக் காட்டுகிற மாதிரி அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார், நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தேன், இடது தாடையில் சவரம் செய்தபோது வெட்டின காயம், ரத்தம் காய்ந்து சட்டைக் காலர் வரைக்கும் இறங்கியிருக்கிறது. வெட்டினது அவருக்கே தெரியவில்லை. உதட்டோரத்தில், அதே இடதுபக்கம், சூப்பு சுட்ட தழும்பு. எப்போது சுட்டது என்று கேட்டேன், எது என்று கேட்டார்.

அப்புறம் எனக்குத் தூக்கம் போய்விட்டது. உனக்கு என்னைத் தெரியுமே, தேட ஆரம்பித்தால் விடமாட்டேன், நெட்டில் படித்ததெல்லாம் ஒன்றைவிட ஒன்று பயங்கரம். அவரிடம் சொன்னால் "உன் போனைக் கிணத்துல போடு" என்பார். வயல்காரர்கள் யாரும் கன்னம் மரத்துப்போச்சு என்று டாக்டரிடம் போவதில்லை, அது என்ன வியாதி என்று கேட்பார். சரி, அவருக்குப் புரிகிற மொழியிலேயே காட்டலாம் என்று ஒரு வேலை செய்தேன். குருத்தோலை ஞாயிறுக்கு இரண்டு வாரம் முன்னால், பெரியப்பாவும் வந்திருந்த ஒரு மத்தியானம், நல்ல தடித்த கிழங்காக நிலவறையிலிருந்து எடுத்துவந்து, தோல் சீவி, குளிர்ந்த தண்ணீரில் போட்டுக் கெட்டியாக்கி, மிக நைசாகத் துருவினேன். துளி ஐஸ் தண்ணீர் மட்டும் தெளித்து, ஜாடியில் விளிம்புவரை அமுக்கி மூடி வைத்தேன், வினிகர் ஊற்றவே இல்லை. அது உள்ளே ஏறட்டும் என்று விட்டேன். மேஜைக்குக் கொண்டுவந்து அப்பாவிடம், இன்றைக்கு எப்படி வந்திருக்கிறது சொல்லுங்கள், ஆனால் வலது மூக்கை விரலால் அடைத்துக்கொண்டு இடது மூக்கால் மட்டும் இழுங்கள், இது எங்கள் குழுவில் புதுப் பரீட்சை என்றேன். மூடியைத் திறந்து மூக்கடியில் பிடித்தேன். அவர் நன்றாக, ஆழமாக இழுத்தார். இன்னொரு தடவை இழுத்தார். "தொண்டையில என்னமோ லேசா இருக்கு. மத்தபடி ஒண்ணுமே இல்லையேடி. வினிகரை முன்னாடியே ஊத்திட்டியா" என்றார்.

பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "இங்க கொண்டா, இந்த வீட்டுல மோப்பம் புடிக்கத் தெரிஞ்ச ஒரே ஆள் நான்தான்"னு ஜாடியைப் பிடுங்கி, அதே மாதிரி ஒரு மூக்கை அடைத்துக்கொண்டு ஒரே இழுப்பு இழுத்தார். நாற்காலி ஒரு பக்கம், பெரியப்பா ஒரு பக்கம். ஐயோ என்று ஒரு சத்தம், மேஜைத்துணியை இழுத்து முகத்தில் அப்பிக்கொண்டு, "கொலைகாரி, கொலைகாரி, என் மூளை வெந்துபோச்சு, தண்ணி, தண்ணி" என்று சமையலறை முழுக்கத் தட்டுத்தடுமாறி நடந்தார். அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பாத்தியா, அண்ணனுக்கு வயசாயிடுச்சு, மோந்து பாத்ததுக்கே அழறான்" என்றார். பெரியப்பாவும் அழுதுகொண்டே சிரித்தார். முதலில் சிரிப்பை நிறுத்தினது பெரியப்பாதான். முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார், நான் சிரிக்கவில்லை. ஜாடியைப் பார்த்தார். அப்புறம் தம்பி பக்கத்தில் வந்து நின்று, "டேய், விளையாடாதே. இன்னொரு வாட்டி இழு" என்றார். அவருடைய குரல் அப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை. அப்பா இழுத்தார். "இப்ப இந்த மூக்கை அடைச்சுக்கிட்டு அந்த மூக்கால இழு" என்றார் பெரியப்பா. வலது மூக்கால் இழுத்ததும் அப்பா துள்ளி எழுந்து இருமினார், கண்ணீர் வந்தது, ஒரு கண்ணில் மட்டும். இருமி முடித்தவர் இடது கன்னத்தைத் தன் கையாலேயே தடவிப் பார்த்தார், அது காய்ந்திருந்தது. நான் ஓடிப்போய் ஜாடியில் வினிகரை ஊற்றி மூடினேன்.

ஊர் டாக்டரிடம் பெரியப்பாதான் இழுத்துக்கொண்டு போனார், நானும் போனேன். டாக்டர் பஞ்சைத் திரித்து நூலாக்கி வலது கண்ணோரம் தொட்டார், அப்பா வெடுக்கென்று கண்ணை மூடினார். இடது கண்ணோரம் தொட்டார், அப்பா அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், எப்போது தொடப்போகிறீர்கள் என்கிற மாதிரி. அன்றைக்கே தெப்ரெட்சென் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். இப்போது நேராகச் சொல்லிவிடுகிறேன், உட்கார்ந்துகொள். தலைக்குள்ளே, முகத்துக்கு உணர்ச்சி கொண்டுவருகிற நரம்பு மேல், ஒரு கட்டி வளர்ந்திருக்கிறது. கெட்ட ஜாதிக் கட்டி மாதிரித் தெரியவில்லை, மெதுவாக வளர்கிற வகை என்றுதான் அங்கிருந்த டாக்டரம்மா சொன்னார், எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றும் சொன்னார். ஆனால் அது இருக்கிற இடம் மோசம். இன்னும் வளர்ந்தால் காது போகும், நடை தள்ளாடும், அதற்கப்புறம் என்னவெல்லாம் என்று அவர் சொல்லும்போது நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கண்ணும் ஆபத்தில் இருக்கிறது, தூசி விழுந்தாலும் தெரியாது, ஈரமும் இல்லை, புண்ணாகிப் பார்வை போய்விடும். இப்போதைக்குக் கண்ணில் விட ஒரு ஜெல் கொடுத்திருக்கிறார்கள், நான்தான் விடுகிறேன். ஈஸ்டர் முடிந்த வாரத்தில் ஆபரேஷனுக்கு ஒரு இடம் ஒதுக்கித் தருகிறோம், வியாழக்கிழமைக்குள் வருகிறீர்களா இல்லையா சொல்லுங்கள், விட்டால் கோடைக்குப் பின்னால்தான், அவ்வளவு நாள் தள்ளிப்போட நான் சொல்லமாட்டேன் என்றார் டாக்டரம்மா.

உன் அப்பா என்ன சொன்னார் தெரியுமா, நடவு இருக்கிறது என்றார். டாக்டரம்மா, எந்த நடவு என்று கேட்டார், இவர் பொறுமையாக விளக்குகிறார், ஏப்ரலில் கிழங்குத் துண்டு மண்ணுக்குள் போகாவிட்டால் இலையுதிர்காலத்தில் என்னத்தைத் தோண்டுவது என்று. வழியெல்லாம் பெரியப்பா கெஞ்சினார், நான் நட்டுத் தருகிறேன் என்றார். அதற்கு அப்பா, "நீ நட்டதுதான் தெரியுமே, தட்டையா வெட்டின தலை கீழே, சாய்வா வெட்டின வால் மேலே, ஒரு வரிசை முழுக்கத் தலைகீழா நின்னு யோகாசனம் பண்ணிச்சே" என்றார். "அது நடந்து இருபது வருஷம் ஆச்சுடா பாவி, இன்னும் எத்தனை நாளைக்குச் சொல்லுவே" என்று பெரியப்பா வண்டியை ஓரம் நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டார். அப்போதுகூட அப்பா ரேடியோவைப் போட்டார்.

நான் கத்தியாயிற்று, அழுதாயிற்று, இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தாயிற்று. பங்குச் சாமியார் வந்து பேசினார், அப்பா அவருக்கு ஒரு ஜாடி குதிரைமுள்ளங்கி கொடுத்து அனுப்பிவிட்டார். கேட்டால் வலிக்கவே இல்லையே என்கிறார், வலிக்காத தலையை எதற்குத் திறக்கவேண்டும் என்கிறார். அதுதானே வியாதி, வலிக்காததுதானே வியாதி என்று நான் சொன்னால், உன் குழுவில் போய்ச் சொல் என்கிறார். உன்னிடம் ஏன் மறைக்கிறார் என்றால், உனக்கு அங்கே வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, கேட்டால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவருவாய், அப்புறம் அந்த முதலாளி வேறு ஆளைப் போட்டுவிடுவான், அதற்கு நான் காரணமாக மாட்டேன் என்கிறார். இதுவும் ஒரு நியாயம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பொரோக்கா, அவர் யார் பேச்சையாவது கேட்பார் என்றால் அது உன் பேச்சு ஒன்றுதான். நீ பத்து வயதில் "சிகரெட்டை விடுங்கப்பா, நாறுது" என்றாய், அன்றைக்கே விட்டார், நான் அதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் சொல்லியிருந்தேன். அதனால் நாளைக்குச் சாயங்காலம் அவர் வழக்கம்போல உன்னைக் கூப்பிடுவார் இல்லையா, அப்போது பேசு. அழாதே. அழுதால் உடனே சிரிக்கவைக்கிறேன் என்று எதையாவது சொல்லி நழுவிவிடுவார். சண்டையும் போடாதே. தலையைத் திறப்பதைப் பற்றி அவரிடம் நேராகக் கேள். அதைப் பற்றி மட்டும் யாரும் அவரைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை, கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நடுவில் நிறுத்திவிட்டேன், ஹாம் வேகிற பானையைப் பார்த்துவிட்டு வந்தேன். இந்த வருஷம் ஒரு சின்னத் தொடைதான், மூன்று பேருக்கு எவ்வளவு வேண்டும். ஈஸ்டருக்குக் கோவிலில் மந்திரிக்கிற கூடைக்கு முட்டை, பின்னல் ரொட்டி, மஞ்சள் பாலாடைக்கட்டி எல்லாம் சனிக்கிழமை செய்யவேண்டும், குதிரைமுள்ளங்கி இல்லாத கூடையைக் கோவிலுக்கு எடுத்துக்கொண்டு போக முடியுமா, அதற்கும் துருவவேண்டும். நீ அங்கே கடையில் கிழங்கு கிடைத்தது என்று சொன்னாயே, அதைக் கண்ணாடிக் கிண்ணத்தில் திறந்து வைத்துவிடாதே, காற்றுப் பட்டால் பழுப்பாகிவிடும், எலுமிச்சை இரண்டு சொட்டு விடு. மிச்சக் கிழங்கை ஈரத்துணியில் சுற்றி ஃபிரிட்ஜின் அடித்தட்டில் வை. மிக்ஸியில் அரைத்தால் மூடியைத் திறக்கும்போது முகத்தை மேலே கொண்டுபோகாதே, போன தடவை மாதிரி. பார், இந்த நிலைமையிலும் எனக்கு இது வருகிறது, என்னை என்ன செய்வது.

பொரோக்கா, நான் மறுபடி எழுதுகிறேன். மேலே எழுதினதை அனுப்புவதற்குள் அப்பா உள்ளே வந்துவிட்டார். யாருக்கு இவ்வளவு நீளமாகத் தட்டுகிறாய், ஹெட்விக்குக்கா என்றார். எனக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. உங்கள் மகளுக்கு, எல்லாவற்றையும் எழுதிவிட்டேன், வேண்டுமானால் அழித்துவிடுங்கள் என்று போனை அவர் கையில் கொடுத்துவிட்டேன். கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேஜையில் உட்கார்ந்து, அந்தத் தடித்த விரலால் ஒவ்வொரு வரியாகத் தள்ளித் தள்ளிப் படித்தார். பெரியப்பா ஸ்டியரிங்கில் தலை வைத்த இடத்தில், "அன்னிக்கு அவன் அழுதானா" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நான் ரேடியோச் சத்தத்துல கவனிக்கலை" என்றார். கவனித்திருக்கிறார், அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். மறுபடி படித்தார். தலையைத் திறப்பதைப் பற்றி நேராகக் கேள் என்று எழுதின இடம் வந்ததும் நிறுத்தி, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், வேலிப் பக்கம் போய் வயலைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார். விசில் இல்லை. பானை பொங்கி வழிந்து அடுப்பு அணைந்துவிட்டது, எழுந்துபோய்ப் பற்றவைக்கவும் எனக்குத் தோன்றவில்லை. அழித்திருக்கிறாரா என்று பார்த்தேன், அழிக்கவில்லை.

ரொம்ப நேரம் கழித்து வந்தார், பூட்சைக்கூடக் கழற்றவில்லை, அந்த மண்ணோடு அப்படியே என் எதிரே உட்கார்ந்தார். "நடவுன்னு சொன்னது சும்மா. வெண்டல் நல்லாவே நடுவான். எழுது" என்றார். என்ன எழுத என்றேன். "எனக்குப் பயமா இருக்குன்னு எழுது. தலையைத் திறந்து, மூடி, அப்புறம் நான் எழுந்து உன்னைப் பார்த்து, இவ யாருன்னு கேட்டுட்டா என்ன பண்றதுன்னு பயமா இருக்கு. ராத்திரியெல்லாம் அதுதான். உங்க பேரெல்லாம் மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டே படுத்திருக்கேன்" என்றார். இதை அவர் சொல்லச் சொல்ல அப்படியே தட்டியிருக்கிறேன், ஒரு வார்த்தை நான் சேர்க்கவில்லை. அப்புறம் டாக்டரம்மா நம்பரை எடுக்கச் சொன்னார். அவரே பேசினார். வருகிறோம் என்று சொல்லிவிட்டார், என்ன கொண்டுவரவேண்டும் என்று கேட்டு, சரி அம்மா சரி அம்மா என்றார். போனை வைத்ததும் அவருக்கு வியர்த்து விட்டிருந்தது. உன்னை வரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். இரண்டு முறை வேண்டாம் என்று தலையாட்டினார். மூன்றாவது முறை கேட்டபோது ஆட்டவில்லை.

அதனால் விடுப்புக் கேள் மகளே. கொடுக்காவிட்டால் என்ன செய்வதென்று நீயே முடிவு செய், நான் இப்படிச் செய் என்று சொல்லமாட்டேன். தெப்ரெட்செனுக்கு விமான டிக்கெட் கிடைக்காவிட்டால் புடாபெஸ்ட் வந்து ரயில் பிடி, பெரியப்பா ஸ்டேஷனுக்கு வருவார், எந்த நேரமானாலும் வருவார். கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும், போகிற வழியும் வருகிற வழியும் உனக்குத் திறந்திருக்கட்டும், உன் கையும் காலும் திடமாக இருக்கட்டும், உன் தலையில் என் கையை வைத்துச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள். மறந்துவிடாதே, கோட்டும் பூட்சும் எடுத்துக்கொள், அங்கே மழை என்றால் இங்கே ஏப்ரல் காற்று காதைப் பிய்க்கிறது. பாஸ்போர்ட் தேதி முடிந்திருக்கிறதா என்று இப்போதே பார்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா தூந்தே

அப்பா கடைசி வரியைத் தானே தட்டுவேன் என்று போனை வாங்கிக்கொண்டார். எழுத்துப்பிழை திருத்தவேண்டாம் என்கிறார், அப்படியே விடுகிறேன்.

பொரோக்கா நீ பொரோக்கா நான் உன் அப்பா இப்ப நல்லா நெனவிருக்கு சீக்கிரம் வா